முதலில் பிளேடை ஆட்டிப் பாருங்கள், எஞ்சின் அப்புறம்

கேள்வி: ஐயா, மாதவரத்தில் இருந்துகொண்டு சின்ன அளவில் மண் வேலை, ரோடு வேலை சப் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சொந்தமாக ஒரு ஜேசிபியும் ஒரு ரோலரும் இருக்கின்றன. மணலி, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கன்டெய்னர் யார்டு, மனைப் பிரிவு வேலைகள்தான் அதிகம். மண்ணைச் சீவி மட்டமாக்கும் கிரேடர் மட்டும் வாடகைக்கு எடுக்கிறேன். நாளுக்கு 14,000 ரூபாய். ஆபரேட்டர் அவர்கள் கணக்கு, டீசல் என் கணக்கு. மழைக்காலம் போக மாதம் பத்து நாள் தேவைப்படுகிறது. ஆனால் கேட்ட நாளில் வண்டி கிடைப்பதில்லை. இப்போது நாயுடுபேட்டை பக்கம் 2012 மாடல், 12 அடி பிளேடு கிரேடர் ஒன்று 32 லட்சத்துக்கு வருகிறது. மீட்டர் 9,600 மணி நேரம் காட்டுகிறது. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது என்கிறார் புரோக்கர். 12 லட்சம் கையில் இருக்கிறது. 20 லட்சம் ஃபைனான்ஸ், 14 சதவீத வட்டி, மூன்று வருடம். வாங்கலாமா? வண்டியில் இறுகிய தரையைக் கிளறும் ரிப்பர் இல்லை. அது ஒரு குறையா?

பதில்: தம்பி, புரோக்கர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கலாம். ஆனால் நீங்கள் 32 லட்சம் கொடுத்து வாங்கப் போவது எஞ்சினை அல்ல. ஜேசிபியில் எஞ்சினும் ஹைட்ராலிக்கும் நன்றாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பக்கெட் பின்னில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பள்ளம் பள்ளமாகத்தான் விழும். கிரேடர் அப்படி இல்லை. அது அளவு பார்த்துச் சீவும் கருவி, தச்சன் கை இழைப்புளி மாதிரி. பிடியில் ஆட்டம் இருந்தால் பலகை அலை அலையாகத்தான் வரும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நெடுஞ்சாலைக்காரர்கள் ஆரஞ்சு புத்தகம் என்று சொல்லும் மத்திய அரசின் ஸ்பெசிஃபிகேஷனில், ஜிஎஸ்பி, அதாவது ரோட்டின் அடியில் போடும் சரளை லேயர், அதன் மட்டம் குறித்த அளவில் இருந்து 10 மில்லிமீட்டர் மேலே, 20 மில்லிமீட்டர் கீழே, அவ்வளவுதான் போகலாம். அதன் மேல் மெஷின் வைத்து இடும் வெட் மிக்ஸ் ஜல்லிக் கலவைக்கு மேலும் கீழும் 10 தான். பிளேடு முனையிலேயே 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிற வண்டியை வைத்துக்கொண்டு எந்த ஆபரேட்டர் அந்த மட்டத்தைக் கொண்டுவருவார்? லெவல் மெஷினை ஸ்டாண்டில் ஏற்றியதும் கன்சல்டன்ட் ஆள் தலையை ஆட்டிவிடுவார். மறுபடி கீறு, மறுபடி தண்ணீர் அடி, மறுபடி உருட்டு. டீசல் உங்கள் காசு.

எனக்கே பட்ட அடி ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவருக்காக ஒரு யார்டில் கிரேடர் பார்க்கப் போனேன். புது மஞ்சள் பெயின்ட், எஞ்சின் தொட்டால் ஸ்டார்ட், புகை இல்லை. பிளேடைத் தாங்கி இழுக்கும் டிராபார் முன்பக்கம் போய்க் குண்டு மூட்டில் சேரும் இடத்தில் கிரீஸ் அள்ளி அப்பியிருந்தது. நன்றாகப் பராமரித்த வண்டி என்று நினைத்துக்கொண்டேன். வாங்கி வந்து முதல் லேயர் போட்ட அன்றே தரை துணி துவைக்கும் கல் மாதிரி வரிவரியாக வந்தது. கிரீஸை வழித்துவிட்டுப் பார்த்தால், தேய்ந்துபோன குண்டுக்கும் மூடிக்கும் நடுவில் தார் பீப்பாய்த் தகட்டை வெட்டிச் செருகியிருக்கிறார்கள். இடைவெளியை நிரப்பும் மெல்லிய கம்பெனித் தகடு, அதாவது ஷிம், இருக்க வேண்டிய இடத்தில் தார் ஒட்டிய தகரம்! அன்றில் இருந்து கிரேடர் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது சாவி இல்லை, ஒரு வாளி டீசலும் பழைய துணியும்தான். கிரீஸைத் துடைக்க விடாத பார்ட்டியிடம் வண்டி வாங்காதீர்கள்.

சரி, நாயுடுபேட்டையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். பிளேடைத் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். கீழே காலை வைக்காதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பி யாரும் கால் கொடுக்கக் கூடாது. பிளேடின் ஒரு முனைக்கு அடியில் கட்டை வைத்து, கடப்பாரையால் நெம்பித் தூக்குங்கள். கூட ஒரு ஆளை டார்ச் லைட்டோடு மறுபக்கம் நிறுத்தி, எந்த மூட்டு முதலில் அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். லிஃப்ட் சிலிண்டரின் அடிக்குண்டு அசைந்தால் பெரிய செலவில்லை. டிராபார் முன் குண்டு அசைந்தால் ஷிம் எடுத்துப் பார்க்கலாம், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். சர்க்கிளை, அதாவது பிளேடைச் சுழற்றும் பல் வளையத்தை, தாங்கும் ஷூக்களில் அசைந்தால், அங்கே தேயும் பட்டைகளை மாற்ற முடியுமா, இல்லை பட்டை போய் இரும்போடு இரும்பு உரசி சர்க்கிளே தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பட்டை என்றால் செலவு ஆயிரங்களில் முடியும். சர்க்கிள் தேய்ந்திருந்தால் லட்சங்களில் போகும்.

அடுத்தது சர்க்கிள் பல். பிளேடு முனையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எவ்வளவு என்பதை சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சர்க்கிளை ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லி, நாலைந்து இடத்தில் இதையே செய்யுங்கள். ஆபரேட்டர் தினமும் வைக்கும் சாய்வு ஒன்றிரண்டுதான் என்பதால் அந்த இடத்துப் பற்கள் மட்டும் தேய்ந்து கூர்மையாகியிருக்கும். பின்பக்கப் பற்கள் புதுசு மாதிரி இருக்கும். விற்கிறவர் பிளேடை நேராக வைத்து ஆட்டிக் காட்டுவார். நீங்கள் வேலை செய்யும் சாய்வில் வைத்து ஆட்டுங்கள். ஷிம் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்பார்கள். தேய்ந்த பல்லுக்கு அளவாக இறுக்கினால் தேயாத பல் வரும்போது சர்க்கிள் இறுகி நின்றுவிடும், கியர்பாக்ஸ் பழுதாகும். சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றுகிறதா, ஒரு இடத்தில் திணறுகிறதா என்று காதால் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

பிளேடைப் பின்பக்கமாகக் குனிந்து பாருங்கள். கட்டிங் எட்ஜ் தேய்ந்தால் திருப்பிப் போடலாம், மாற்றலாம். அது சோப்புக் கட்டி மாதிரி, தேயத்தான் செய்யும். ஆனால் எட்ஜை மாற்றாமலே ஓட்டிய கஞ்சர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் பிளேடின் தாய்த் தகடே போல்ட் ஓட்டை வரைக்கும் தின்றுபோய், மூலைகள் வட்டமாகியிருக்கும். மூலையில் வெல்டிங் ஒட்டு, புது ப்ரைமர் வாசம் இரண்டும் சேர்ந்து வந்தால் விலையில் குறையுங்கள். நடுவில் தேய்ந்து சிரிக்கிற பிளேடு என்றால் அந்த வண்டியை ஓட்டியவர் எப்படிப்பட்டவர் என்றும் தெரிந்துவிடும்.

இடுப்பு, அதாவது முன் சேஸிஸும் பின் சேஸிஸும் சேரும் ஆர்டிகுலேஷன் மூட்டு. வண்டியை நகர்த்தாமல், ஸ்டியரிங்கை ஆட்டாமல், இடுப்பை மட்டும் இடமும் வலமும் கொஞ்சம் மடக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு வெளியே, நசுங்காத தூரத்தில் நின்று, இரண்டு சேஸிஸையும் கோர்க்கும் மேல் பின்னையும் கீழ் பின்னையும் பாருங்கள். அந்தப் பின் முதலில் நகர்ந்து, அரை நொடி கழித்து சேஸிஸ் நகர்ந்தால் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது என்று அர்த்தம். சைட்டுக்கே மெஷின் கொண்டுவந்து லைன் போரிங் போட்டு புஷ் அடிக்கிற ஆட்கள் அம்பத்தூர் பக்கம் இருக்கிறார்கள். சரி செய்ய முடிந்த நோய்தான், அதற்கான காசைக் கழித்து விலை பேசுங்கள்.

டேண்டம் பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். பின்னால் நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் போவது அந்தப் பெட்டிக்குள் ஓடும் செயினால். இரண்டு பக்கமும் அடி நட்டைத் தளர்த்தி ஒரு டம்ளர் ஆயில் எடுத்து வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். மினுமினுவென்று பொடி வந்தால் பரவாயில்லை. நகத்தில் எடுக்கிற அளவு தூள் வந்தால் உள்ளே ஏதோ தேய்ந்து உதிர்கிறது, பால் கலந்த மாதிரி நிறம் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிறகு வண்டியை முன்னே, பின்னே, முன்னே என்று மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 'டங்'கென்று அடித்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தளர்ந்திருக்கலாம். அந்தச் சத்தத்தை எஞ்சின் ரேஸ் செய்து மறைப்பார்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கே தெரிந்த விஷயம். காலை ஆறு மணிக்குப் போங்கள், வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரமாவது ஓட்டி, கியர் ஆயில் நன்றாகச் சூடான பிறகு எல்லா கியரிலும் இழுத்துப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகப் போகும் கியர்பாக்ஸ் சூட்டில்தான் நழுவும். பிளேடைத் தரையில் அழுத்தி முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் ராடில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் டீ குடியுங்கள். திரும்பி வரும்போது கோடு நகர்ந்திருந்தால் சீலோ லாக் வால்வோ விடுகிறது.

9,600 மணி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர், சீட், லீவர் குமிழ்கள், ஏறி இறங்கும் படி இவை பொய் சொல்லாது. வண்டியில் கம்பெனியின் கண்காணிப்புக் கருவி இருந்தால், டீலரிடம் சீரியல் நம்பரைக் கொடுத்துப் பழைய ஓட்டத்தைக் கேளுங்கள். என்ன பிராண்ட் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டர்பில்லர், கொமாட்சு, பிஇஎம்எல், கேஸ் எதுவானாலும் முதலில் உதிரி பாகம் சென்னையில் கையிருப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வோல்வோ என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். தன் பெயரில் கிரேடர் செய்வதை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2014-லேயே அறிவித்துவிட்டது. சீல், ஹோஸ், பேரிங் எல்லாம் மண்ணடி, லிங்கிச் செட்டித் தெருவில் தேடிப் பிடித்துவிடலாம். சர்க்கிளையும் அதைச் சுற்றும் பினியன் பல்சக்கரத்தையும் அங்கே தேட முடியாது.

டயர் ஆறும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். டேண்டத்தில் ஒன்று புதுசு, ஒன்று மொட்டை என்றால் சுற்றளவு மாறும், செயின் அடி வாங்கும், வண்டி துள்ளும். அந்தத் துள்ளல் தரையில் பதியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் சொன்ன ஃபைனான்ஸுக்கு மாதத் தவணை 68,000 ரூபாய் சொச்சம் வரும். நல்ல ஆபரேட்டருக்குச் சம்பளமும் பேட்டாவும் 40,000, ஹெல்பருக்கு 18,000, ரிப்பேருக்கும் டயருக்கும் மாதம் 30,000 ஒதுக்குங்கள். 1,56,000 ஆகிறது, டீசல் இல்லாமல். வருடத்துக்கு 18.7 லட்சம். அதை இன்றைய நாள் வாடகை 14,000-ஆல் வகுத்தால் 134 நாள். உங்கள் சொந்த வேலை மாதம் பத்து நாள், அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மழை தின்றுவிட்டால் ஒன்பது மாதம், ஆக 90 நாள். மீதி 44 நாள் வெளியே வாடகைக்கு ஓட்டினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். அதில் சைட்டுக்கு சைட் வண்டியை ஏற்றி மாற்றும் லோ பெட் லாரிக் கூலியும் கையில் இருந்து போடும் 12 லட்சமும் வரவில்லை.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண்ணூர் துறைமுகத்தில் இருந்து தச்சூர் வழியாகப் பூஞ்சேரி வரைக்கும் போகும் சென்னை எல்லைச் சாலை வேலை, காட்டுப்பள்ளி பக்கத்து யார்டுகள் என்று உங்கள் பக்கத்தில் கிரேடருக்கு வேலை இருக்கிறது. வண்டி கிடைக்காமல் உங்கள் ரோலரும் ஆட்களும் சும்மா நிற்கும் நாட்களின் நஷ்டத்தையும் நீங்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டும். அது இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அந்த 44 நாளுக்கு வாய்வார்த்தையாக அல்ல, இரண்டு மூன்று பேரிடம் வொர்க் ஆர்டர் மாதிரி ஏதாவது எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். செப்டம்பரில் வாங்கி மழை முழுக்க நிறுத்தி வைத்துத் தவணை கட்டுவதைவிட, டிசம்பர் கடைசியில் வாங்குவது நல்லது. பார்ட்டிக்கும் மழையில் வண்டி சும்மா நின்றிருக்கும், பேசுவார்.

ஆபரேட்டர் இல்லாமல் வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உங்கள் ஜேசிபி பையனை ஏற்றி உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மனதில் இருந்தால் அழித்துவிடுங்கள். மண்ணைப் பரப்ப ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வான். கடைசிச் சீவல் சீவ, இரண்டு கையிலும் லீவர்களை வைத்துக்கொண்டு, மட்டம் குறித்து அடித்த முளையைக் கண்ணால் பார்த்து, சீட்டில் படும் அதிர்வில் வெட்டு ஆழத்தை உணர வருடங்கள் ஆகும். அப்படி ஒருவரை முதலில் பேசி முடியுங்கள். நாயுடுபேட்டைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். என்னுடைய கடப்பாரை சொல்லாததை அவர் பத்து நிமிடம் ஓட்டிச் சொல்லிவிடுவார். முடிந்தால் பார்ட்டியிடம் ஒரு மாதம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வது என்று. வண்டி மேல் நம்பிக்கை உள்ளவர் யோசிக்காமல் ஒத்துக்கொள்வார்.

பேப்பர். மோட்டார் வாகன விதிகளில் கட்டுமான உபகரண வாகனம் என்ற பட்டியலில் மோட்டார் கிரேடர் பெயர் சொல்லியே இருக்கிறது. சைட்டுக்குள்ளேதானே ஓடுகிறது, ஆர்சி எதற்கு என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் யார்டுக்கு யார்டு ஓட்டும்போது ஒரு பைக் வந்து மோதினால் அந்தப் பேச்சு செல்லாது. ஆந்திரா பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி), படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. ஃபைனான்ஸ் எழுதப்பட்டிருந்தால் அதை நீக்கும் 35. சேஸிஸ் நம்பரைக் கார்பன் தாளில் தேய்த்து எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இன்ஷூரன்ஸ் இரண்டு வேண்டும்: ரோட்டுக்குத் தேர்டு பார்ட்டி, சைட்டில் கவிழ்ந்தால் கான்ட்ராக்டர் மெஷினரி பாலிசி. 2012 வண்டி என்பதால் எஞ்சின் பழைய மாசு விதியின்படி வந்தது. 2021 ஏப்ரலில் சக்கர வண்டிகளுக்கு நான்காம் கட்டம் வந்துவிட்டது. பழைய எஞ்சினை நம் மெக்கானிக்கே பிரிப்பார் என்பது உங்களுக்கு வசதிதான். ஆனால் பெரிய கம்பெனி சைட்டில் எந்த வருட வண்டி வரை உள்ளே விடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கினால் நம் பக்கத்து உப்பை மறக்காதீர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி சைட்டில் இரவு நிறுத்தும்போது சிலிண்டர் ராடுகளை முடிந்த அளவு உள்ளே இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராடில் கடல் காற்று புள்ளி புள்ளியாகத் துரு வைக்கும், அந்தப் புள்ளி சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்தது ஊருக்கே தெரிந்த கதை, அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற விடாதீர்கள். அனல் மின் நிலையச் சாம்பல் நிரப்பிய இடத்தில் வேலை என்றால் ஏர் ஃபில்டரை தினமும் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் சர்க்கிளைக் கழுவச் சொல்லுங்கள், சாம்பலும் கிரீஸும் சேர்ந்தால் பல்லை அரைக்கும் மாவு அது.

ரிப்பர் கேட்டீர்கள். யார்டில் லாரி ஓடி இறுகிப்போன பழைய கிராவலைக் கிளற ரிப்பர் உதவும், உண்மைதான். ஆனால் உங்களிடம் ஜேசிபி இருக்கிறது, அதன் பக்கெட் பல்லே அந்த வேலையைச் செய்துவிடும். ரிப்பர் பூட்டி முரட்டுத்தனமாக இழுத்த வண்டிகளில் பின் சேஸிஸ் வெல்டிங் விட்டுப்போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ரிப்பர் இல்லாதது குறையில்லை. ஒரு காலத்தில் இருந்து கழற்றி விற்றுவிட்டார்களா என்பதை மட்டும் பின்பக்கம் குனிந்து, பிராக்கெட் போல்ட் ஓட்டைகளையும் சுற்றியுள்ள வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.